மூடிக்குள் நாற்பத்தொன்று

கிறீஸ் தேடி இன்று காலை, வண்டி கழற்றும் சாமான்கள் கிடக்கும் சாவிப் பெட்டியைத் திறந்தேன். மூடியின் உட்பக்கத்தில் உன் கையெழுத்து. நீலத் தையல் சோக்கால் 37 என்று எழுதி வெட்டி, பக்கத்தில் 41. பெட்டி முழுக்கத் துரு, அது மட்டும் நேற்று எழுதியதுபோல இருக்கிறது. நீ போய் ஒரு வருடமாகிறது. அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன்.

நீ அதை எழுதியது ஒரு மாரி மழைக்கு முந்திய கிழமை. வெருகலுக்கு உள்ளே வயற்கரையில் வாழ்க்கைப்பட்ட நம் மகளுக்கு ஒன்பதாம் மாதம். தலைப்பிள்ளை பெற அவளை நம் வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். மழை இறங்கினால் அந்தப் பாதையில், நான்கு சில்லும் இழுக்கிற நம் பழைய பிக்கப்பைத் தவிர வேறொன்றும் ஓடாது. அதன் முன் சில்லுகளைப் பிணைக்கும் அக்சிலின் கூட்டைத்தான் நான் மதகொன்றில் இடித்துப் பிளந்து வைத்திருந்தேன்.

கழித்துப்போட்ட வண்டியொன்றிலிருந்து அதே மாதிரி அக்சில் கிடைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்புவழிபுரத்தில் நம் வீட்டு மாமரத்தில், பாரம் தூக்கும் செயின் புளொக்கைக் கட்டிப் பழையதை இறக்கினேன். மற்றதைத் தூக்கப் போகையில், கழுத்தில் அளவு நாடாவோடு நீ வந்து நின்றாய்.

“இஞ்சருங்கோ, முன்னும் பின்னும் ஒண்டா ஓடுமோ? எண்ணிப் பாத்தனீங்களோ?”

“ஒரே சாதி வண்டி. இதில என்னத்தை எண்ணுறது?”

“என்ர மெசினில மேல்துணி ஒரு ஓட்டம், கீழ்த்துணி ஒரு ஓட்டம் ஓடினா சுருங்கிப் போகும். இது மட்டும் சுருங்காதோ?”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்தவனுக்குத் தையல்காரி பாடம் எடுப்பதா? உன் வாயை அடைக்கத்தான் சம்மதித்தேன். ஒரு பக்கச் சில்லைக் கயிற்றால் கட்டிவிட்டு, மற்றப் பக்கச் சில்லை நான் இருபது தரம் சுற்றினேன். நடுவில், எஞ்சின் பக்கமிருந்து வரும் சாப்ட் பொருந்தும் இடத்தில் சோக்கால் கோடு போட்டு, அது எத்தனை தரம் சுற்றுகிறது என்று நீ எண்ணினாய். பழையதில் நாற்பத்தொன்று, பின்பக்கத்தோடு பொருந்தி ஓடிய கணக்கு. வாங்கி வந்ததில் முப்பத்தேழு. திரும்பவும் எண்ணினோம், முப்பத்தேழேதான். அதைப் பூட்டியிருந்தால் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, பிள்ளைத்தாய்ச்சியை வைத்துக்கொண்டு நடுவழியில் பற்சில்லுகள் நொறுங்கியிருக்கும்.

“பழசின்ர உள்ளுடன், பல்லுச் சில்லெல்லாம் நல்லாத்தானே கிடக்கு. அதை எடுத்து இந்தக் கூட்டுக்குள்ள வைக்க ஏலாதோ?”

ஏலும். எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று இன்றைக்கும் தெரியாது. பற்சில்லுப் பெட்டியைக் கழற்றி மாற்றினேன். நீ மறுபடி எண்ணினாய். நாற்பத்தொன்று. மூடியில் எழுதிவிட்டு, எதுவுமே நடக்காததுபோல, யாரோ ஒருத்தியின் சட்டைக்குக் கை வைக்கப் போய்விட்டாய். நான் மலைத்துப்போய் நின்றேன். இத்தனை வருடம் யாரோடு குடித்தனம் நடத்தினேன் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

கொட்டும் மழைக்குள்தான் மகளை ஏற்றி வந்தோம். கதவடிவரை சேறு. கியரைப் போட்டதும் நான்கு சில்லும் ஒன்றாகக் கடித்து இழுத்தன. நீ வாய்க்குள் ஏதோ எண்ணிக்கொண்டிருந்தாய்.

“மாமா, என்னெண்டு இதைச் சரிக்கட்டினீங்கள்?” என்று மருமகன் கேட்டார்.

“எண்ணித்தான் பூட்டினனான்” என்றேன், மார்தட்டாத குறையாக. நீ ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாய். அதன் பிறகு எத்தனை பேரிடம் அதையே சொல்லிப் பெருமை அடித்தேன், நீ கேட்டுக்கொண்டிருக்கும்போதே.

இன்று மத்தியானம் மகள் வந்தாள். மூடியைத் திறந்து காட்டினேன்.

“இது அம்மாட எழுத்தெல்லோ?”

“ஓம். எண்ணினது அவதான். நான் சில்லைச் சுத்தினது மட்டும்தான்.”

அழிந்துவிடும் என்று பயந்தோ என்னவோ, அவள் அதைத் தொடாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போதெல்லாம் எதைப் பூட்டுமுன்னும் எண்ணுகிறேன். எண்ணி முடித்ததும், சரியோ என்று கேட்க உன் மெசின் இருந்த பக்கம் திரும்புகிறேன்.