பிஸ்மி சொன்ன எக்ஸ்ரே

பள்ளிவாசலிலிருந்து நோன்புக் கஞ்சி வந்திருக்கிறது. மூடியைத் திறந்ததும் ரம்பை இலையும் இஞ்சியும் வீடெல்லாம் மணத்தன. கை தன்பாட்டில் இரண்டு கோப்பைகளை எடுத்துவிட்டது. பிறகுதான் ஒன்றைத் திரும்ப வைத்தேன்.

இந்தக் கஞ்சிக்காக நீங்கள் பிடித்த பிடிவாதம்! பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்து, விழுங்க முடியாமல் மூக்கால் குழாய் போட்டிருந்த நேரம். கடற்கரையில் மீன் ஏலம் கூறி ஊரை எழுப்பிய என் கணவர், சுவரைப் பார்த்தபடி கிடந்தீர்கள். "நோம்பு வருகுது புள்ள. கஞ்சிய வாயால குடிக்கணும். இல்லாட்டி இந்தக் குழாயப் புடுங்கி எறிஞ்சிருவன்" என்று குழறினீர்கள். எனக்கோ பயம். வாயால் கொடுப்பது மூச்சுக்குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து என்று டொக்டர் சொல்லியிருந்தார். விழுங்கும்போது தொண்டைக்குள் நடப்பதை அப்படியே ஓடும் படமாகக் காட்டும் எக்ஸ்ரே இருக்கிறதாம். அதற்காகக் கொழும்புக்குப் போனோம்.

படம் எடுத்தவள் நமக்குப் பக்கத்து ஊரான காரைதீவுத் தமிழ்ப் பிள்ளை. நம் ஊர்ப் பேச்சைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது. அபாயாவுக்கு மேல் பாரமான ஈயச் சட்டையை எனக்கும் மாட்டிவிட்டாள். வெள்ளை மருந்தைக் கரண்டியால் ஊட்டி, "ஐயா, வாயில வச்சிருங்க. நான் சொன்னாப் பிறகு முழுங்குங்க. கதைக்கப்படாது" என்றாள். நீங்களா கேட்பீர்கள்! வாய் நிறைய மருந்தோடு ஏதோ முணுமுணுத்தீர்கள். எல்லாம் சட்டையில் வழிந்தது. மறுபடியும் அதே கூத்து.

"மகள், இவர் அல்லாட பேரால எண்டு பிஸ்மி சொல்லாம ஒண்டும் முழுங்கமாட்டார். நீங்க அதுக்கு முந்தி ஊட்டிட்டீங்க" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "அதுக்கென்ன, சொல்லுங்க ஐயா. மெசின் ஓடட்டும்."

நீங்கள் பிஸ்மி சொன்னீர்கள். திரையில் உங்கள் தொண்டைக்குள் ஒரு சின்ன எலும்பு எழும்பித் தாழ்ந்தது. தண்ணீராகக் கொடுத்த மருந்தில் ஒரு கீற்று மூச்சுக்குழாய்ப் பக்கம் நழுவியது. எனக்கு உயிரே போய்விட்டது. தடிப்பாகக் கரைத்துக் கொடுத்தது ஒழுங்கான பாதையில் இறங்கியது. அடுத்தடுத்த கரண்டிகளுக்கு அந்தப் பிள்ளையே, "ஐயா, பிஸ்மி சொல்லிட்டீங்களா?" என்று கேட்டுத்தான் ஊட்டினாள்.

"தேத்தண்ணி இப்ப வேணாம். கஞ்சி தடிப்பாக் குடுங்க" என்றார் டொக்டர். முதல் நோன்பன்று கோப்பையை வழித்துக் குடித்துவிட்டு, "உப்புக் காணா" என்றீர்கள். பொல்லாத மனிதர்! அடுப்படிக்குள் போய் நின்று சந்தோசத்தில் அழுதேன்.

அடுத்த நோன்புக்கு நீங்கள் இல்லை. அந்த எக்ஸ்ரே படத்தை நம் மகன் என் போனில் போட்டுத் தந்திருக்கிறான். சத்தம் இல்லை, முகமும் இல்லை, எலும்புகள்தான். ஆனாலும் நீங்கள் பிஸ்மி சொல்லும் இடம் எனக்குத் தெரியும். உங்கள் குரலுக்கு ஏங்கும்போதெல்லாம் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பேன்.

இப்போது நோன்பு திறக்கப் பாங்கு சொல்கிறது. கோப்பையை எடுத்து, தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு பிஸ்மி சொன்னேன். விரலுக்கடியில் அந்த எலும்பு எழும்பியது.

கஞ்சியில் உப்புக் காணாதுதான்.