நீல நூலில் இரண்டு தையல்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே உன் அம்மா, உன் மனைவி, குழந்தைகள் மூன்று பேர், என் முழங்கால் உட்பட எல்லோரும் சௌக்கியம். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை. நன்றாக மனதில் வாங்கிக்கொண்டு மேலே படி, ஏனென்றால் நடுவில் உனக்குக் கை கால் உதறும், அப்போது இந்த முதல் வரியை நினைத்துக்கொள். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் உன் முகம் தெரிந்ததும் நாலு பேரும் முண்டியடித்துக்கொண்டு வந்து சிரிக்கிறார்கள், இது சிரித்துக்கொண்டு சொல்கிற விஷயம் இல்லை. உன் அம்மா இதைப் பற்றி உன்னிடம் மூச்சு விடக்கூடாது என்று சொல்லியிருக்கிறாள், தூரத்தில் இருக்கிற பிள்ளைக்குச் சோறு இறங்காதாம். ஒரு வேளை இறங்காவிட்டால் ஒன்றும் குறைந்து போகாது. வேலையை இன்னும் இரண்டு வருஷம் நீட்டிக் கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டிருந்தாய், நான் பதில் சொல்லாமல் இழுத்தடிக்கிறேன் என்று உனக்கு வருத்தம். இந்தக் கடிதம்தான் பதில்.

நம் சலவைக் கடை இப்போது எப்படி இருக்கிறது என்று முதலில் சொல்கிறேன், இல்லாவிட்டால் நடந்தது உனக்குப் புரியாது. ஹோட்டல் துணி இரண்டு மடங்காகிவிட்டது, பெரிய மெஷின் ஓயாமல் ஓடுகிறது, அது சுற்றும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அம்மா முன்பக்கம் கவுண்டரில், நான் இஸ்திரி மேஜையில், உன் மனைவி பிரசவம் ஆன உடம்போடு உள்ளே மூன்றையும் மேய்க்கிறாள். உன் மகனுக்கு நான் புல்டோசர் என்று பேர் வைத்திருக்கிறேன், இரண்டு வயசுக்கு அவன் போகிற வழியில் எதுவும் நிற்பதில்லை. புதுசாகப் பிறந்த பாப்பாவைக் கட்டிலில் படுக்க வைத்தால் அதன்மேல் ஏறிக் குதிக்கிறான். அதனால் உன் மனைவி கடையில் இருக்கிற சக்கரம் வைத்த துணிக்கூடை ஒன்றில் மெத்தென்று விரித்து அதில் பாப்பாவைப் போட்டு, கூடையைத் தன் கூடவே இழுத்துக்கொண்டு திரிந்தாள். நல்ல யோசனை என்று நானும் மெச்சினேன். பெரியவள் இருக்கிறாளே, அவள் கடைக்கே மேனேஜர். ஐந்து வயசில் அவளுக்கு இருக்கிற அதிகாரம் எனக்கு இல்லை. மார்க் இல்லாத துணியைப் பொறுக்கி எடுப்பது அவள் வேலை. உனக்குத் தெரியாததா, ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் ஒரு மார்க், நம் வீட்டுக்கு நீல நூலில் இரண்டு தையல், பெருக்கல் குறி போட்ட மாதிரி. மார்க் இல்லாமல் வந்தால் அது நம்மிடம் தவறி வந்தது, பின்வாசல் பக்கம் ரிட்டர்ன் கூடை நிற்கிற இடத்தில் வைத்து, தூசி படாமல் மேலே ஒரு துண்டைப் போர்த்த வேண்டும், வேன்காரர் எடுத்துப் போய்க் கொடுத்துவிட்டு நம்முடையது அங்கே போயிருந்தால் மாற்றி வாங்கி வருவார். இதையெல்லாம் அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும். எனக்கு அதில் பெருமை வேறு.

போன வாரம் ஒரு நாள் காலையில் புல்டோசர் வெள்ளைத் துணிக்குப் போடுகிற நீல மருந்து டப்பாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான். உன் மனைவி அவனைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள், போகும்போது பாப்பாவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாள். மெஷின் சத்தத்தில் என் காதில் விழவில்லை, அம்மாவிடம் சொல்லியிருப்பாள் என்று நான் நினைத்தேன், என்னிடம் சொல்லியிருப்பாள் என்று அம்மா நினைத்தாள். அவள் திரும்பி வந்து கூடை எங்கே மாமா என்று கேட்டபோது நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எந்தக் கூடை என்றேன். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேனடா. மெஷினை நிறுத்தினோம். கடை முழுக்க அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே இல்லை, ஒரு சின்ன அழுகைக்காக மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம், ஒன்றும் கேட்கவில்லை. கட்டில் அடி, அலமாரிப் பின்புறம், துணி மூட்டைகளுக்கு நடுவே என்று புரட்டிப் போட்டோம். உன் அம்மா மெஷினின் கதவைத் திறந்து கையை உள்ளே விட்டுத் துழாவினாள். அதைப் பார்க்க முடியாமல் நான் பின்பக்கம் திரும்பினேன். அப்போதுதான் பின்வாசலில் ரிட்டர்ன் கூடை நிற்கிற இடம் காலியாக இருப்பது என் கண்ணில் பட்டது, வேன் போய்விட்டிருந்தது.

வேன்காரருக்குப் போன் போட்டால் அடிக்கிறது, எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது எடுக்கக் கூடாது என்று அவருக்கு ஆயிரம் தடவை சொன்னவன் நான்தான். மூட்டை மேல் மூட்டையாக அடுக்குவாரே, அடியில் போயிருந்தால் என்ற நினைப்பு வந்ததும் ஸ்கூட்டர் சாவி கையில் இருந்தும் துளையில் நுழையவில்லை. உன் மனைவி செருப்பில்லாமல் தெருவில் இறங்கி ஓட ஆரம்பித்துவிட்டாள். இத்தனை களேபரத்திலும் மேனேஜர் மட்டும் கடை வாசலில் தலையை வாரிக்கொண்டு, ஷூ போட்டுக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள். எனக்கு இருந்த பதற்றத்தில் அதை ஒரு விஷயமாகவே நான் எடுத்துக்கொள்ளவில்லை.

நான் ஸ்கூட்டரில் தெருமுக்குத் திரும்புவதற்குள் வேன் எதிரே வந்துவிட்டது. ரிட்டர்ன் துணியைத்தான் முதலில் இறக்க வேண்டும் என்பதால் அந்தக் கூடையை மட்டும் அவர் எப்போதும் தன் காலடிக்குப் பக்கத்தில் முன்பக்கமே வைப்பார், அந்தப் பழக்கம்தான் நம் குடும்பத்தைக் காப்பாற்றியது. சிக்னலில் நின்றபோது துண்டு அசைந்ததாம், பூனை என்று நினைத்துத் தூக்கிப் பார்த்திருக்கிறார். கூடையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு இறங்கி உன் மனைவியிடம் நீட்டினார். பாப்பா கொட்டாவி விட்டது. உன் மனைவி நடுத்தெருவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எல்லோரும் கூடையைச் சுற்றி நிற்கும்போது மேனேஜர் எங்களைத் தாண்டி ஓடிப் போய் வேனுக்குள் எட்டிப் பார்த்தாள், முன் சீட், பின்பக்கம், எல்லாம் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"பாப்பா துணியில மார்க் இல்ல தாத்தா. அதான் ரிட்டர்ன்ல வச்சேன். மாத்திக் குடுக்கலையா? அப்பா எங்க?"

புரிகிறதா உனக்கு? நீ வேலைக்காக ஊரை விட்டுப் போன அன்றைக்கு உன் காலைக் கட்டிக்கொண்டு ஏன் போகிறாய் என்று கேட்டாளே, அதற்கு நீ என்ன பதில் சொன்னாய் என்று யோசித்துப் பார். பாப்பா வரப்போகுதுல்ல, அதான் அப்பா போகணும் என்றாய். இரண்டாவது மெஷின் வாங்கப் பணம் சம்பாதிக்கப் போகிறேன் என்பதை அவளுக்கு விளக்க உனக்குப் பொறுமை இல்லை, வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு வண்டி ஏறிவிட்டாய். நீ மறந்துவிட்டாய், அவள் மறக்கவில்லை. தவறி வந்ததைக் கொடுத்தால் நம்முடையது திரும்பி வரும், அவ்வளவுதான் அவள் கணக்கு.

யாரும் அவளை அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை என்று இப்போது தோன்றுகிறது. உன் மனைவி திட்டவும் இல்லை, தொடவும் இல்லை. பாப்பாவை இறக்குவதே கிடையாது, குளிக்கப் போனால்கூடக் கதவைத் திறந்து வைத்து உன் அம்மாவின் மடியில் இருக்கிற பாப்பா மேலேயே கண் வைத்திருக்கிறாள். மேனேஜர் பக்கத்தில் வந்தால் உன் மனைவியின் தோள் தானாகத் திரும்பிக்கொள்கிறது. அவள் மேலும் தப்புச் சொல்ல முடியாது, அவள் பட்டது அப்படி. ஆனால் பிள்ளை அதைக் கவனிக்கிறாள். மார்க் பார்க்கிற வேலையை விட்டுவிட்டாள், கடைப் பக்கமே வருவதில்லை, சாப்பிடு என்றால் சாப்பிடுகிறாள், தூங்கு என்றால் தூங்குகிறாள், இந்த வீட்டில் விருந்தாளி மாதிரி இருக்கிறாள்.  சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெரியாது. கையெழுத்துப் போடாதே, மெஷின் மெதுவாக வரட்டும். அதுவரை மேனேஜரைப் போனில் தனியாகக் கூப்பிட்டு, நீ ஊரை விட்டுப் போனது பாப்பாவால் இல்லை என்று உன் வாயால் சொல். நாங்கள் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறாள்.

இதுவரை எழுதி இஸ்திரி மேஜை மேல் வைத்துவிட்டு டெலிவரிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் கடிதம் உன் மனைவி கையில் இருக்கிறது, படித்துவிட்டாள், கண் சிவந்திருக்கிறது. நல்ல திட்டு வாங்கப்போகிறேன் என்று நினைத்தேன். அவளோ பாப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய், அந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக மேனேஜரைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். நீல நூலும் ஊசியும் எடுத்து, அவள் விரலைத் தன் விரலோடு சேர்த்துப் பிடித்து, பாப்பாவின் துணிகளுக்கெல்லாம் மார்க் தைக்க வைத்தாள். கடைசியில் ஒரு வெள்ளை நாடாவை வெட்டி அதிலும் ஒன்று தைத்து மேனேஜர் என்னிடம் கொண்டு வந்து கொடுத்தாள், அதை இதோடு வைத்திருக்கிறேன். தையல் கோணலாக இருக்கிறது, பிரித்துச் சரி செய்யாதே.

வேளைக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ எங்கே இருந்தாலும் எங்கள் ஆசீர்வாதம் உன் தலைமேல் இருக்கும், நீ பக்கத்தில் இருந்தால் கையை வைத்தே சொல்வோம். அந்த நாடாவை மறக்காமல் உன் சட்டைக் காலருக்கு உள்ளே தைத்துக்கொள். உன் மகள் சொல்லச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அப்பா புதுச் சட்டையெல்லாம் மார்க் போடாமயே எடுத்துட்டுப் போயிட்டாரு தாத்தா. யாரு வீட்டு அப்பான்னு தெரியாமதான் அங்கயே வச்சிருக்காங்க."

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும்
அப்பா