சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் அப்பாவின் பேனர்

காட்டுமன்னார்கோயில்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ரேகாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மனசைத்தான் கேட்காதே. நீயும் மாப்பிள்ளை அருண்குமாரும் அந்தக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். கையில் போனை வைத்துக்கொண்டு இந்த அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறார், உன் குரல் வேறு எட்டு ஊருக்குக் கேட்கும். அதனால்தான்.

அப்பா கட்சி மாறியதை வாட்ஸப்பில் பார்த்திருப்பாய். கடலூரில் மேடையேறிப் புதுத் துண்டைத் தோளில் வாங்கிக்கொண்டு சிரித்தாரே, அதேதான். ஒன்றியச் சேர்மனாக இருந்த காலத்தில் எந்தத் தகராறு என்றாலும் இரண்டு பக்கத்துக்காரர்களும் நம் வீட்டுக்குத்தான் வருவார்கள், ராஜவேல் யார் பக்கமும் சாயமாட்டார் என்று. அந்தப் பெயரை வைத்துத்தான் நான் இந்த ஊரில் தலை நிமிர்ந்து நடந்தேன். இந்தத் தடவை சீட்டு இல்லை என்றதும் மனுஷருக்குப் பொறுக்கவில்லை. போனதாவது ஒரு நல்ல இடமாகப் போனாரா? கூடப் பிறக்காவிட்டாலும் அப்பாவை அண்ணன் என்றே கூப்பிடுகிற செந்தமிழ்செல்வன் சித்தப்பா இருக்கிற காலனித் தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய் போகக்கூடாது என்று மறியல் செய்தார்களே, அவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறார். அன்றைக்கு வெயிலில் நடுரோட்டில் நின்று, இரண்டு பக்கமும் பேசி அந்தக் குழாயைக் கொண்டுபோனதே உன் அப்பாதான். இதைக் கேட்டதற்கு, அரசியல்ல இதெல்லாம் சகஜம், நீ சோத்தப் போடு என்கிறார்.

சேர்ந்ததோடு விட்டாரா, சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் லாரி நீளத்துக்கு ஒரு பேனர். கீழே வரிசையாக வட்டம் வட்டமாக, கூடச் சேர்ந்தவர்கள் என்று முகங்கள். அதில் நான், பட்டமளிப்பு விழாத் தொப்பியோடு நீ, நம் சித்தப்பா. சித்தப்பா சேரவே இல்லை ரேகா. கூட ஒருத்தரும் வரவில்லை என்று தெரிந்துவிடக்கூடாதே, பழைய பேனரில் இருந்த படங்களை அப்படியே எடுத்துப் போடச் சொல்லிவிட்டார்.

சித்தப்பா வந்தார். எப்போதும் நேராகச் சமையல்கட்டுக்கே வருகிறவர் வாசலிலேயே நின்றுவிட்டார். அண்ணி, எங்க தெருவுல ஒருத்தரும் மொகங்குடுத்துப் பேசமாட்றாங்க, எவ்ளோக்கு வித்தேன்னு எம் பொண்ணே கேக்குது, அண்ணன்கிட்ட சொல்லி எம் படத்த மட்டும் எடுத்துடச் சொல்லுங்க என்றார். அப்பா உள்ளே இருந்தவர் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அப்புறம் கேட்டால், இப்ப ஆள வுட்டுக் கழட்டுனா மானம் போயிடும் என்கிறார். யார் மானம் என்று கேட்டேன்.

வெள்ளிக்கிழமை நானே ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன். பூ விற்கிற பெண்ணிடம் ஸ்டூல் வாங்கிப் போட்டு ஏறினேன். ஒரு ஆட்டோக்காரர், யக்கா, அது உங்க வூட்டு பேனர்தானே என்றார். எங்க வூட்டுதுதாம்பா, அதான் கிழிக்கிறேன் என்றேன். சித்தப்பா முகத்தை எடுத்தேன். உன்னையும் எடுத்துவிட்டேன், எங்கேயோ இருக்கிற பிள்ளைக்கு இந்தக் கெட்ட பேர் எதற்கு. சித்தப்பா படத்தை அவர் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வீட்டுக்காரி குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள், வாங்கக்கூட வெட்கமாக இருந்தது.

பிரச்சாரத்துக்கு உன்னை வரச்சொல்லி அப்பா கூப்பிடுவார். லீவு இல்லை என்று சொல்லிவிடு, வராதே. ஆனால் அவரைத் திட்டிவிடாதே, பிரஷர் ஏறிக் கிடக்கிறது.

நான் கிழித்ததை யாரோ படம் பிடித்து அப்பாவுக்கு அனுப்பிவிட்டார்கள். நேற்று வீட்டையே இரண்டாக்கப் போகிறார் என்று பயந்துகொண்டே சோறு போட்டேன். கத்தவில்லை. குனிந்துகொண்டே, உன்னுத மட்டும் ஏன் வுட்டுட்ட என்று கேட்டார். உங்களத் தனியா நிக்க வெச்சிட்டு எங்க போறது, இந்தக் கேவலத்துல எனக்கும் பங்கு இருக்கு என்றேன். பிசைந்த சோறு காய்கிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

நீங்கள் இருவரும் நல்ல பெயரோடு நீடூழி வாழவேண்டும். வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ. இந்தக் கடிதம் வந்ததைப் போனில் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
எழிலரசி