முற்றத்தில் நின்றுபோகும் தடம்

அன்பையும் கோபத்தையும் ஒன்றாக வரவழைக்கும் அத்தானுக்கு,

உயிரோடு இருந்தவரை என் பேச்சைப் பாதியிலேயே நிறுத்திவிடுவீர்கள். இப்போது வசமாக மாட்டிக்கொண்டீர்கள். முழுதும் கேட்டே ஆகவேண்டும்.

சுயாக் கடற்கரையில் உங்கள் வீட்டைப் புயல் கொண்டுபோனதும், அக்காவைப் போ பசான் ஊரில் என்னோடு வைத்துக்கொண்டேன். வரவே மாட்டேன் என்றாள். "அவரு வந்தா வீடு தேடுவாரே, தம்பி." இந்தத் தீவுக்குச் சுதந்திரம் வேண்டுமா வேண்டாமா என்று இங்கே தெருவே அடித்துக்கொள்கிறது, அவளுக்கு இந்த ஒரே கவலை.

போன வாரம் மழை விட்ட காலையில், முற்றத்து ஈர மண்ணில் வெறுங்கால் தடம். தெருவாசலிலிருந்து நேராக வந்து, நடுவில் வளைந்து, எதையோ சுற்றிக்கொண்டு போயிருந்தது. அங்கே ஒன்றுமில்லை. ஒரு கல்கூட இல்லை.

அக்கா பார்த்ததும் சொன்னாள்: "நம்ம மாமரம்." சுயாக் முற்றத்தில் நீங்கள் தினமும் சுற்றிக்கொண்டு வரும் அந்த மரத்தைச் சொன்னாள்.

தூக்கத்தில் நடக்கிறாள் என்று நினைத்து, அவள் பாதத்தைத் தடத்தில் வைக்கச் சொன்னேன். தடம் பெரிது. என் பாதமோ தொப்பையைச் சுமந்து சுமந்து தோசையாகிவிட்டது, அதுவும் பொருந்தவில்லை. வேலிக்கு மேலே எட்டிப் பார்த்த மதலேன் அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். மத்தியானத்துக்குள் நான் குடிக்கிறேன் என்று தெரு முழுக்கச் செய்தி.

அப்போதுதான் உங்கள் கணக்கு நினைவுக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வாட்டியது போதாதென்று, சாப்பாட்டு இலையில் ரசத்தைத் தொட்டு எனக்கும் கோடு வரைவீர்களே. ஒரு கோடு ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு வளைகிறது, எவ்வளவு முறுக்கிக்கொண்டு தரையை விட்டு எழுகிறது என்று தெரிந்தால் போதும். அதே கோட்டை எந்த ஊரிலும் திரும்பப் போட்டுவிடலாம் என்பீர்கள். நான் கொட்டாவி விடுவேன். அதற்காகவா சுயாக் வீட்டுப் பாதையை என் முற்றத்தில் போட்டுக் காட்டி இந்தப் பழிவாங்கல்?

மரத்தைத் தாண்டியதும் தடம் நின்றுவிடுகிறது. திரும்பிப் போன அடையாளம் இல்லை. சுயாக்கில் அந்த இடத்தில்தான் கல்படி தொடங்கும். சுழன்று மேலேறி வாசலில் முடியும். வெறும் வளைவென்றால் தரையோடு போயிருப்பீர்கள். முறுக்கு உங்களை மேலே தூக்கிவிட்டது, இல்லையா?

"மேல போயி கதவத் தட்டுவாரு. யாரு தொறப்பா?" என்கிறாள் அக்கா. தடம் நிற்கும் இடத்தில் படி கட்டச் சொல்கிறாள். தச்சரை வரவழைத்தேன், வந்தவரைத் தேநீர் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன். படி இருந்தால் ஏறிவிடுவாள். ஏறினால் இறங்கி வருவாளா?

அத்தான், முறுக்கை விட்டுவிடுங்கள். எத்தனை மரத்தை வேண்டுமானாலும் சுற்றுங்கள், ஆனால் தரையோடு வாருங்கள். பின்கதவைத் தாழிட மாட்டேன். நீங்கள் தட்டினால் நானே வந்து திறப்பேன், இது சத்தியம். அவளை மட்டும் மேலே கூப்பிடாதீர்கள்.

அவளுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே தம்பி,
உங்கள் மைத்துனன்