ஒற்றைக் கைப் பின்னல்

என்னங்க,

மாற்றுத்திறனாளிகளின் பிள்ளைகளுக்குத் தரும் படிப்பு உதவி நின்றுபோனதற்கு நம் மகளைத் திட்டாதீர்கள். விசாரிக்க வந்த அலுவலரிடம், "எங்கம்மா ஒத்தக் கையாலயே எல்லாம் செய்வாங்க சார்!" என்றாள். பெருமை பிடிபடவில்லை அவளுக்கு. அந்த மனுஷனும் அதையே எழுதிக்கொண்டு போய்விட்டார்.

நான் மேல்மனு கொடுத்ததால் நாளை மறுபடி விசாரிக்க வருகிறார். அதனால், "எங்கம்மாவால ஒண்ணும் முடியாது" என்று சொல்லப் பழக்கினேன். தயங்கியபோதெல்லாம் அதட்டினேன். இப்போது கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறாள். பணம் வந்துவிடும், நீங்கள் அங்கே கவலைப்படாதீர்கள்.

இன்று காலை வழக்கம்போல் முடியில் ஒரு பிரியைப் பல்லில் கடித்துக்கொண்டு அவளுக்குச் சடை பின்னத் தொடங்கினேன். மெதுவாகத் தலையை இழுத்துக்கொண்டாள்.

"விடும்மா, உன்னால முடியாது."

அலுவலர் நாளைக்குத்தானே வருகிறார்?

இப்படிக்கு,
நீங்கள் வைத்த பெயரில்,
ஒற்றைக்கை ராணி