அப்பாவின் விரல்

அண்ணனுக்கு,

நீ அப்பாவை விற்றுவிட்டாய். நலம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இங்கே யாரும் நலமில்லை. அம்மாவின் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. நீ அனுப்பிய சட்டை அப்பாவுக்குத் தோளில் இறுக்குகிறது. ஆனாலும் அதைத்தான் போட்டுக்கொள்கிறார்.

மருந்துக்கடை மாடியில் நாம் ஆரம்பித்த அலுவலகத்துக்குச் சீல் வைத்துவிட்டார்கள். அந்த பிஸ்கட் டப்பாவையும் எடுத்துப் போய்விட்டார்கள். கணினியில் செருகிக் கையெழுத்துப் போடும் அந்தச் சின்னக் கருவிக்கு 'விரல்' என்று பேர் வைத்தது நீதானே? கம்பெனி பதிவு செய்ய வந்தவர்களின் விரல்களையெல்லாம் அந்த டப்பாவில்தான் போட்டு வைத்தோம். "பேக்கரிக்காரர் விரலை எடு" என்று நீ கத்துவாய். வெளியே காத்திருப்பவர்கள் மிரண்டுபோய் எட்டிப் பார்ப்பார்கள். நாம் விழுந்து விழுந்து சிரிப்போம்.

அதே டப்பாவில் அப்பாவின் விரலும் கிடந்தது எனக்குத் தெரியாது.

நம்மிடம் பதிவுக்கு வந்த அந்தச் சேமிப்புத் திட்டக்காரன், தன் கம்பெனிக்கு உள்ளூர் ஆள் ஒருவர் டைரக்டராக வேண்டும் என்று கேட்டான். நீ வீட்டுக்கு வந்து, "சும்மா பேருக்குத்தாம்ப்பா" என்றாய். காலமெல்லாம் மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிய மனிதர், பேர் கிடைக்கிறதே என்று பூரித்துப் போனார். டீக்கடையில், "என்ன படம் எடுக்குறீங்க டைரக்டர் சார், எனக்கொரு வேஷம் உண்டா?" என்று கிண்டல் செய்தார்கள். அதைக்கூட வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பணக்காரன் அப்பனை டைரக்டராக்குவது சொத்துக்காக. நீ ஆக்கியது, மாட்டிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்பதற்காக. நம் தொழிலில் ஏழை அப்பன்கள் மலிவு என்று உனக்குத் தெரியும். வேறு யார் அப்பனும் கிடைக்கவில்லையா என்று கேட்க வாய் வருகிறது. அப்படிக் கேட்டால் நானும் உன்னைப் போல ஆகிவிடுவேன்.

திட்டக்காரன் ஊர் மக்களின் சேமிப்போடு ஓடிவிட்டான். கிளை திறக்கப் போவதாகச் சொல்லி நீ அதற்கு முன்பே விமானம் ஏறிவிட்டாய். கீழ்வீட்டுத் தையல்காரம்மா மகள் கல்யாணத்துக்குச் சேர்த்ததை அதில்தான் போட்டிருந்தார். இப்போது எங்களைப் பார்த்தால் ஜன்னலைச் சாத்திவிடுகிறார்.

வியாழக்கிழமை அப்பாவுக்கு விசாரணை. உண்மையைச் சொல்லுங்கள் என்றால், "புள்ள பேரு கெட்டுரும்மா. நாந்தான் போட்டேன்னு சொல்லிக்கிறேன்" என்கிறார். நான் அதிகாரிகளிடம் சொல்லிப் பார்த்தேன். பங்குதாரர் பேச்சு செல்லாது என்றுவிட்டார்கள்.

அதற்குள் ஒரு வரி எழுதி அனுப்பு. அப்பாவின் விரலை வைத்துக் கையெழுத்துப் போட்டது நான்தான் என்று.

இப்படிக்கு,
உன் பங்குதாரர்
(தங்கை என்று எழுதக் கை வரவில்லை)


அண்ணா,

வியாழக்கிழமை போய்விட்டது. நீ எழுதவில்லை.

அப்பா சொன்னபடியே, எல்லாக் கையெழுத்தும் தன்னுடையது என்று சொன்னார். அதிகாரி டப்பாவிலிருந்து அவருடைய விரலை எடுத்து, கணினிக்குப் பக்கத்தில் வைத்து, "போட்டுக் காட்டுங்க" என்றார். நான் கதவோரம் நின்றிருந்தேன்.

அப்பா கையை நீ அனுப்பிய சட்டையில் துடைத்துக்கொண்டார். கட்டைவிரலை, கணினியில் செருகாமல் கிடந்த அந்தக் கருவியின் மேல் வைத்து அழுத்தினார். அப்படியே காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் அழுத்தினார். நாம் விரல், விரல் என்று சொன்னதை அவர் அப்படியே நம்பியிருக்கிறார்.

"காயில் கட்டி ரேகை தேஞ்சுபோச்சு சார். அதான் எடுக்க மாட்டேங்குது. கொஞ்சம் பொறுங்க" என்றார்.

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "டைரக்டர் நல்லாவே நடிக்கிறார்" என்றார் அதிகாரி. அப்படியே எழுதியும் கொண்டார்: தெரியாததுபோல் நடிக்கிறார் என்று.

அவருக்கு நடிக்க வராது. அது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். என் பேச்சு அங்கே எடுபடாது.

நேற்றிலிருந்து அந்தக் கட்டைவிரலைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். அடுத்த தடவை எடுத்துவிடுமாம்.

அடுத்த தடவைக்குள் எழுதுடா.