லோச் மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி

கிச்சா,

கோர்ட்டுக்குக் கிளம்பிட்டேன். ஹால் சோஃபாவுல அசந்து தூங்கிண்டிருந்தே, எழுப்ப மனசு வரலை. ரசமும் கத்திரிக்காய்க் கறியும் அடுப்பு மேடையில இருக்கு. சாதம் மட்டும் வெச்சுக்கோ.

ஹால் தொட்டியில லோச் எல்லாத்துக்கும் உடம்பு பூரா வெள்ளைப்புள்ளி, ரவையைத் தூவினாப்பல. ஒட்டுண்ணியாம். மீன்கடைக்காரருக்குப் போன் பண்ணினேன். "தண்ணி திடீர்னு சில்லுன்னு ஆச்சாம்மா?"ன்னு கேட்டார். உன் அக்காவாத்து வளைகாப்புக்கு நான் வரலைன்னு கோவிச்சுண்டு, நீ ஹால்ல ஏசியைப் பதினெட்டுல வெச்சுண்டு படுக்கறதை அவர்கிட்ட எப்படிச் சொல்றது?

மருந்து பாதி அளவுதான் விட்டிருக்கேன். இதுகளோட தோல் செதிலே இல்லாதாப்பல மெல்லிசு, முழுசா விட்டாத் தாங்காது. பாட்டில்ல போட்டிருக்கறதைப் படிச்சுட்டு மிச்சத்தை ஊத்திடாதே. புது ஹீட்டரையும் திருகாதே, சூடு மெதுவாத்தான் ஏறணும்.

மருந்து விட்டதுல தண்ணியெல்லாம் நீலமாயிடுத்து. பால்கனி வெயில் தொட்டி வழியா வந்து உன் மூஞ்சி மேல நீலமா அலைஞ்சுண்டிருந்தது. நீயும் தண்ணிக்குள்ளே தூங்கறாப்பல இருந்தது. பார்த்துண்டே நின்னதுல காபி ஆறிப்போச்சு.

பெரிய லோச் ஒருக்களிச்சுக் கிடந்தா பயந்துக்காதே. அது அப்படித்தான் தூங்கும்.

ஹம்சா

மறந்துட்டேன். புள்ளி போனாலும் ஹால்ல இனிமே ஏசி கூடாது. ஃபேன் காத்துல உனக்குத் தூக்கம் வராது. ராத்திரி உள்ளே வந்து படு. கோவம் தீரலைன்னா அந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுத்துக்கோ.